மூக்கில் ஏறிய கல்

ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடியின் பெயர் பிரில்லே. டச்சுக்காரர்களுக்கு அது பிரில். டேனியரும் நார்வேக்காரரும் பிரில்லர் என்பார்கள். எஸ்தோனிய மொழியில் பிரில்லித். வட ஐரோப்பாவில் வெள்ளெழுத்து வந்தவர்கள் பலரும் நாள்தோறும் சொல்லும் இந்தப் பெயரின் பின்னாலேயே நடந்தால், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, ரோமாபுரியைத் தாண்டி, செங்கடல் வழியாக நொய்யல் ஆற்றங்கரைப் பக்கம் வந்து சேர்கிறோம். வழியில் ஓரிரு இடங்களில் தடம் மங்குகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இடைக்கால ஜெர்மனில் இந்தச் சொல் பெரில்லே என்று வழங்கியது. அதற்கு முந்தியது இலத்தீனின் பெரில்லுஸ். அதற்கும் முந்தியது கிரேக்கத்தின் பேருல்லோஸ். கிரேக்கமும் இலத்தீனும் இதைக் கொண்டு குறித்தது ஒரு மணிக்கல்லை: நீலமும் பச்சையும் கலந்து, ஆறு பட்டையாக விளையும் தெளிவான கல். இச்சொல் கிரேக்கத்துக்கு இந்தியாவிலிருந்து போனது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. பிராகிருதத்தில் வேருலிய, பாலியில் வேளுரிய, சமஸ்கிருதத்தில் வைடூர்ய. நாம் நவரத்தின வரிசையில் சொல்லும் வைடூரியம் அந்தச் சமஸ்கிருத வடிவம் வழியாக நமக்கு வந்தது. இன்று நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் தேன் நிறத்தில், நடுவே ஓர் ஒளிக்கோடு நகரும் பூனைக்கண் கல்லை எடுத்து வைப்பார்கள். அது வேறு கனிமம். பெயர் அப்படியே நிற்க, அது சுட்டிய கல் மட்டும் நடுவழியில் மாறிவிட்டது.

வடமொழி இலக்கணக்காரர்களையே இந்தச் சொல் கொஞ்சம் அலைக்கழித்திருக்கிறது. விதூரம் என்ற இடத்திலிருந்து வருவதால் வைடூரியம் என்று பாணினி சூத்திரம் செய்துவிட்டுப் போனார். பதஞ்சலிக்கு அது உறுத்தியது. கல் விளைவது வாலவாயம் என்ற மலையில் அல்லவா, விதூரத்தில் அதைத் தீட்டி மெருகேற்றுகிறார்கள், அவ்வளவுதானே என்று கேள்வி எழுப்பினார். பிறகு, வணிகர்கள் காசிக்குத் தமக்குள் வேறொரு பெயர் வைத்திருப்பது போல, அந்த மலைக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர்தான் விதூரம் என்றும் கொள்ளலாம் எனச் சமாளித்தார். விதூரம் என்ற சொல்லுக்கு வெகுதொலைவு என்றே பொருள். எங்கோ தெற்கிலிருந்து வந்த அயற்சொல்லை, தம் மொழியில் பொருள் தரும்படி வடக்கே யாரோ வளைத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

தெற்கில் எங்கே? இங்கேதான் தடம் மங்குகிறது. பிராகிருதச் சொல்லின் மூலம் திராவிடமாக இருக்கலாம் என்று அகராதிகள் பலவும் எழுதுகின்றன. அதற்கு இரண்டு வழி காட்டுகிறார்கள். ஒன்று, வேளூர் என்ற ஊர்ப்பெயர். கர்நாடகத்துப் பேளூரை அதற்கு அடையாளம் சொல்வார்கள். மற்றொன்று வெளிறு, விளர் ஆகிய சொற்கள். வெண்மை தட்டுவது, நிறம் மங்குவது என்ற பொருள். ஊர்ப்பெயர்க் கதை காதுக்கு இனிமையாக இருக்கிறதே தவிர, பேளூரின் புகழ் ஹொய்சளர் கட்டிய கோயிலால் வந்தது, கற்சுரங்கத்தால் அல்ல. வேளூர் என்ற பெயரோ தென்னாட்டில் ஒன்றிரண்டு ஊருக்கு மட்டும் உரியதன்று. வெளிறிய நீலக்கல்லுக்கு வெளிறு என்ற வேர் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனாலும் ‘இருக்கலாம்’ என்பதற்கு மேலே போக எவரிடமும் சான்று இல்லை. சில மேடைகளில் இதுவே ‘ஜெர்மானியர் மூக்கில் தமிழ்’ என்று முழங்கப்படும். அந்த முழக்கத்தில் எனக்குச் சேர விருப்பமில்லை.

சொல்லைவிடக் கல் உறுதியான சாட்சி. பெரில் கற்கள் இந்தியாவில் விளைகின்றன, பிற நாடுகளில் அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். நீளமான கல்லின்மேல் இந்தியர்களுக்கு அப்படியொரு மோகமாம். துளையிட்டு யானை மயிரில் கோப்பார்களாம். அடுத்த நூற்றாண்டில் தாலமி தன் புவியியல் நூலில் புன்னாட்டைக் குறிப்பிட்டு, அங்கே பெரில் கிடைக்கிறது என்றார். புன்னாடு என்பது கபினி ஆற்றுப் பகுதி, மைசூருக்குத் தெற்கு. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் கொங்கு நாடு. காங்கயத்தை அடுத்த படியூரில் இந்தக் கல் விளைந்தது. 1819-20ஆம் ஆண்டுகளில்கூட ஓர் ஆங்கிலேயர் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது, கல்மணி செய்த பட்டறைகளின் எச்சங்களோடு பெரில் துண்டுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842 தொடங்கிப் பல முறை ரோமானியக் காசுகள் குவியலாக வெளிப்பட்டன. கல் மேற்கே போனது, காசு கிழக்கே வந்தது. கல்லோடு சேர்ந்து பெயரும் கப்பல் ஏறியதில் வியப்பென்ன?

இனி, கல்லின் பெயர் கண்ணுக்குத் துணையான கதை. நீரோ மன்னன் வாள்வீரர்களின் சண்டையை ஒரு மரகதத்தின் வழியே பார்த்தான் என்று பிளினியில் ஒரு குறிப்பு வருகிறது. அதுதான் உலகின் முதல் மூக்குக்கண்ணாடி என்று பலர் எழுதிவிட்டார்கள். கல்லின் ஊடே பார்த்தானா, அதன் பளபளப்பில் தெரிந்த நிழலைப் பார்த்தானா என்பதே அந்த வரியில் தெளிவில்லை; அதைத் தள்ளி வைத்துவிடலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான் தரை கெட்டியாகிறது. ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைத்தும் தீட்டிய தெளிந்த கல்லை ஏட்டின்மேல் வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வழக்கம் ஐரோப்பிய மடாலயங்களில் பரவியிருந்தது. எழுத்தைப் பெருக்கிக் காட்டும் பெரில் என்று அக்கால ஜெர்மன் காவியங்களில் உவமையே வந்துவிட்டது. உண்மையில் அந்தக் கற்களில் பெரும்பாலானவை பெரில் அல்ல, பளிங்கு. ஊடுருவித் தெரியும் கல் எதுவானாலும் பெரில் என்று மதிப்பாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டு வில்லைகளைச் சட்டத்தில் இணைத்து மூக்கின்மேல் நிறுத்தும் வித்தை இத்தாலியில் 1286ஐ ஒட்டிப் பிறந்தது. ஜோர்தானோ என்ற டொமினிக்கன் துறவி 1306இல் புளோரன்ஸில் ஆற்றிய பிரசங்கத்தில், இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று சொன்னது ஏட்டில் பதிந்திருக்கிறது. சாதாரணக் கண்ணாடியைப் பளிங்கு என்று சொல்லி விற்கக்கூடாது என வெனிஸ் நகரத்துப் பளிங்குத் தொழிலாளர் சங்கம் 1300இல் விதி போட்டது. படிப்புக் கற்களும் கண்ணுக்கான வட்டுகளும் அந்த விதியில் இடம்பெற்றன. கலப்படம் அப்போதே தொடங்கியாயிற்று. பெயர் விலையுயர்ந்த கல்லுக்கு, பொருள் அதைவிட மலிவான பளிங்குக்கு, விற்றதோ உருக்கி வார்த்த கண்ணாடி.

கருவி பரவப் பரவ, ஜெர்மானியர் கல்லின் பெயரையே அதற்கும் வைத்துக்கொண்டனர். கூசா நகரத்து நிக்கோலஸ் என்ற ஜெர்மானியக் கர்தினால் 1458இல் எழுதிய தத்துவ நூலுக்கு ‘பெரில்லைப் பற்றி’ என்றே தலைப்பு. ஒரே சமயத்தில் குவிந்தும் குழிந்தும் இருக்கும் பெரில் வழியே பார்ப்பவனுக்கு, அதுவரை கண்ணுக்குப் படாதது தெரியவரும். அறிவுக்கும் அப்படியொரு பெரில் வேண்டும் என்பது அவர் வாதம். வைடூரியம் வேதாந்தத்துக்குள் நுழைந்த நேரம் அது. பிறகு அந்தப் பெயர் கீழேயும் இறங்கியது: ஜெர்மன் வீடுகளில் கழிப்பறைக் கோப்பையின்மேல் உட்காரும் வளையத்துக்கும் பிரில்லே என்றே பெயர். 1798இல் பாரிஸ் வேதியியலாளர் வோக்லன் இந்தக் கல்லுக்குள் ஒரு புதிய தனிமம் ஒளிந்திருப்பதைக் கண்டார். தனிம அட்டவணையின் நான்காம் கட்டத்தில் இன்று அது பெரிலியம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் திரும்புபயணம். நம் ஊர் நல்லபாம்பின் படத்தில் இருக்கும் இரட்டை வட்டக் குறியைப் பார்த்த ஐரோப்பியர்களுக்கு மூக்குக்கண்ணாடி நினைவு வந்தது. ஜெர்மானியர் அதற்குப் பிரில்லன்ஷ்லாங்கே, அதாவது கண்ணாடிப் பாம்பு என்று பெயர் சூட்டினர். தென்னிந்தியக் கல்லின் பெயரை வாங்கிப் போனவர்கள், தென்னிந்தியப் பாம்பின் படத்தில் அதைக் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். நாமோ அதே வயல்வரப்பில் கண்ணாடி விரியன் என்று வேறொரு பாம்பை அழைக்கிறோம். உடம்பெல்லாம் பளபளக்கும் வளையம் வளையமான புள்ளிகள் உள்ள பாம்பு அது. நல்லபாம்பின் படத்தில் நாம் கண்ணாடியைப் பார்க்கவில்லை; அவர்கள் பார்த்தார்கள். பார்வை நின்ற இடத்தில்தான் பெயர் முளைக்கிறது.

மூக்குக்கண்ணாடியின் பிற பெயர்களையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரரின் கண் வில்லையின் வடிவத்தில் நின்றது: லூனெத், சின்ன நிலாக்கள். ஸ்பானியர் ஒரு பெயரை மாட்டும் கொக்கியிலிருந்து எடுத்தார்கள், இன்னொன்றைக் கண்ணுக்கு முன்னால் என்ற இடத்திலிருந்து. உருதுவின் ஐனக், இந்தியின் சஷ்மா, இத்தாலியரின் ஒக்கியாலி, ரஷ்யரின் அச்கி எல்லாம் கண் என்ற சொல்லின் பிள்ளைகள். அரபியர் பார்க்கும் செயலைப் பிடித்து நஸ்ஸாரா என்றனர். வில்லைக்கு ஆங்கிலம் சொல்லும் லென்ஸ், இலத்தீனில் ஒரு பருப்பின் பெயர். நம் ஊரில் மைசூர்ப் பருப்பு என்று விற்பதன் தோலுரிக்காத முழுமணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். சீனரும் ஜப்பானியரும் எழுதும் இரண்டு எழுத்துகளின் பொருள் கண், ஆடி. மலாய்க்காரர் சொல்லும் செர்மின் மாத்தாவும் அதே இரண்டுதான், வரிசை மட்டும் திருப்பிப் போட்டது.

நம்முடைய கண்ணாடியும் கண், ஆடி என்ற இரண்டின் சேர்க்கைதான், ஆனால் அது பிறந்தபோது மூக்குக்கண்ணாடியை அறியாது. பழந்தமிழில் ஆடி என்றாலே முகம் பார்ப்பது. உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிச் செய்தது. ஆறன்முளாக் கண்ணாடி இன்றும் அப்படித்தான் வார்க்கப்படுகிறது. அதில் கண்ணாடி என்று நாம் இன்று சொல்லும் பொருள் துளிகூடக் கிடையாது. முகம் பார்ப்பதன் பெயர், வெளிநாட்டுக் கண்ணாடி வந்தபின் அந்தப் பொருளுக்கே போய் ஒட்டிக்கொண்டது. அதன்பின் எல்லாவற்றுக்கும் அடைமொழி தேவைப்பட்டது: முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, எறும்பைப் பூதமாகக் காட்டும் பூதக்கண்ணாடி, மூக்குக்கண்ணாடி. கன்னடத்தார் இந்தக் குழப்பத்தைத் தவிர்த்துக்கொண்டார்கள். முகம் பார்ப்பது கன்னடி, மாட்டிக்கொள்வது கன்னடக. மலையாளத்தில் கண்ணாடி, கண்ணட. சிங்களவர் கண்ணாடி என்ற சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்துக்கொண்டனர். இங்கே பள்ளிப் பாடநூல் எழுதியவர்கள் பழைய ஆடியைத் தூசி தட்டி எடுத்து, குழியாடி, குவியாடி என்று வைத்தார்கள். நல்ல வேலை.

மூக்கு நம் பெயருக்குள் எப்படி வந்தது என்பதும் எளிது. காதில் மாட்டும் கம்புகள் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில், லண்டனில். அதற்கு முன் நானூறு ஆண்டுக் காலம் அந்தக் கருவியின் பாரத்தைப் பெரும்பாலும் சுமந்தது மூக்குதான். இந்தியாவுக்குள் அது நுழைந்த தடயமும் பழையது. விஜயநகரத்தில் வாழ்ந்த மத்வத் துறவி வியாசராயரின் வரலாற்றை வடமொழியில் எழுதிய சோமநாதர், அவர் ஏடு படிக்கக் கையாண்ட கருவியை உபலோசன கோலகம் என்கிறார். துணைக் கண்ணாகிய உருண்டை என்று பொருள். வியாசராயர் மறைந்தது 1539இல். புனேயில் இருந்த ஆய்வாளர் பி.கே. கோடே இந்தக் குறிப்பைத் தேடி எடுத்துக் கட்டுரையாக்கினார்.

துறவிக்கு எதற்குத் துணைக்கண்? வெள்ளெழுத்துக்குத்தான். நாற்பது வயதை ஒட்டி விழிவில்லை இறுகத் தொடங்கும். அருகிலுள்ளதைக் குவித்துப் பார்க்க அது வளைந்து கொடுக்காது. கறுப்பு எழுத்து வெளுத்துத் தெரியும். வெள்ளெழுத்து என்ற பெயரை வைத்தவர் நோயாளியின் கண்ணுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். இதற்கே சாளேசரம் என்றொரு பெயரும் நம் பெரியவர்களிடம் உண்டு. மராத்தியிலும் இந்தியிலும் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. அதை வைத்தவர் நோயாளியின் வயதைப் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை.

வெள்ளெழுத்து படிப்பாளிகளின் தொல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2018இல் லான்செட் குழுமத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி இலவசமாகக் கொடுத்தார்கள். கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிட, பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் எடை 21.7 விழுக்காடு கூடியது. மருந்து எதுவும் கிடையாது, புதிய கருவியும் கிடையாது. கொழுந்து பறிப்பது கைவேலை என்று நினைக்கிறோம். எந்த இலை இளசு, எது முற்றியது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கும் கண்வேலை அது. தெரியாத கண் தேர்ந்தெடுக்க முடியாது.

தெளிவாகத் தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது; கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் ஏறத்தாழ அந்த அளவுதான். மற்றவை எல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று முறை தாவித் தாவி உலகத்தைத் துண்டு துண்டாக அள்ளுகிறது. படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போகவில்லை, குதித்துக் குதித்துப் போகிறது என்பதை 1870களின் இறுதியில் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ழவாலும் ஜெர்மானியரான எவால்டு ஹெரிங்கும் எழுதினார்கள். ழவால் பின்னாளில் கண்நீர் அழுத்த நோயால் பார்வையையே இழந்து, பார்வையற்றோருக்கு வழிகாட்டியாக 1903இல் ஒரு நூல் எழுதினார்.

இந்தத் தாவலுக்குத் தமிழில் பொருத்தமான சொல் தேடினால் கண்ணோட்டம் என்பது காத்திருக்கிறது. திருக்குறளில் அது ஓர் அதிகாரத்தின் தலைப்பு. அங்கே பொருள் இரக்கம். கண் ஒருவர்மேல் ஓடினால் மனமும் ஓடும் என்ற கணக்கு. இன்று பத்திரிகைத் தமிழில் அதற்குக் கருத்துநிலை என்று பொருள். கண் ஓடுவது என்ற நேர்ப்பொருளில் மட்டும் யாரும் இதைப் புழங்குவதில்லை. காசின் தரம் பார்க்கும் தொழிலுக்கு நோட்டம் என்றும், பார்ப்பவருக்கு நோட்டக்காரர் என்றும் பெயர் இருந்தது. இப்போது திருட வருகிறவன்தான் நோட்டம் விடுகிறான்.

கண்ணாடியே கண்ணோட்டத்தை மாற்றும். பெர்னார் மேத்தெனாஸ் 1959இல் பிரான்ஸில் விற்பனைக்குக் கொண்டுவந்த புரோக்ரசிவ் வில்லையில் மேலே தூரம், கீழே கிட்டம், இடையில் படிப்படியான மாற்றம். ஆனால் கீழ்ப்பகுதியின் இருபுறமும் கலங்கலாக இருக்கும். புதிதாக மாட்டியவர் பக்கவாட்டில் பார்க்கக் கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பப் பழகிக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் ‘ஒரு வாரத்தில் செட் ஆகிவிடும்’ என்பது இதைத்தான்.

கண் எங்கே ஓடுகிறது என்பதை மாஸ்கோவில் ஆல்ஃபிரட் யார்பஸ் பதிவு செய்த முறையைக் கேட்டால் கூச்சமெடுக்கும். விழியை மரத்துப்போகச் செய்து, இமைகளைப் பிளந்து நிறுத்தி, சிறுகண்ணாடி பதித்த ஒரு மூடியைக் காற்றுறிஞ்சி விழியின்மேலேயே ஒட்டினார். கண் அசைய அசைய, கண்ணாடியிலிருந்து தெறித்த ஒளி புகைப்படத் தாளில் கோடு இழுத்தது. கண் + ஆடி என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து செய்துகாட்டியவர் அவர்தான். அப்படி ஒருவரை இலியா ரெப்பின் தீட்டிய ஓவியத்தின்முன் உட்காரவைத்தார். நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவன் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறான். வீட்டார் திகைத்துத் திரும்புகிறார்கள். சும்மா பாருங்கள் என்றபோது கண் ஒருவிதமாக ஓடியது. வீட்டாரின் வயதைச் சொல்லுங்கள் என்றதும் முகம் விட்டு முகம் தாவியது. வசதி எப்படி என்றால் சாமான்களுக்கும் உடைகளுக்கும் போனது. வந்தவன் எத்தனை காலம் வெளியே இருந்திருப்பான் என்றால் அவன் முகத்துக்கும் குழந்தைகள் முகத்துக்கும் இடையே ஓயாமல் ஆடியது. படம் ஒன்று, கண் ஒன்று, கேள்விக்கொரு கோலம். யார்பஸின் நூல் ரஷ்ய மொழியில் 1965இல் வந்தது. நோக்கு என்ற பார்வைச் சொல்லிலிருந்து நோக்கம் என்ற குறிக்கோளைத் தமிழ் உருவாக்கிக்கொண்டதற்கு இதைவிட நல்ல படவிளக்கம் கிடையாது.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு என்று காட்டியவர்கள் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஷிமோஜோ குழுவினர், 2003இல். இரண்டு முகப்படங்களைக் காட்டி, எது அழகு என்று கேட்டார்கள். முதலில் கண் இரண்டுக்கும் சமமாகப் போய்வந்தது. பதில் சொல்வதற்கு முந்தைய ஒரு நொடியில், தேர்ந்தெடுக்கப்போகும் முகத்தின் பக்கம் சரிந்துகொண்டே போய் 80 விழுக்காட்டைத் தாண்டியது. பிறகு அவர்களே ஒரு முகத்தை 900 மில்லிநொடியும் மற்றதை 300 மில்லிநொடியும் காட்டி, கண்ணை இரண்டுக்கும் இடையே தாவவைத்தார்கள். நெடுநேரம் பார்க்கவைத்த முகத்தையே ஏறத்தாழ 60 விழுக்காட்டு முறை தேர்ந்தார்கள். கண்ணை அசையவிடாமல் முகங்களை மட்டும் நடுவில் மாற்றிமாற்றிக் காட்டியபோது அந்தச் சாய்வு இல்லை. பிடித்ததைப் பார்க்கிறோம் என்பது பாதிதான். கண் போய்ப் போய்த் திரும்புவதாலும் பிடித்துப்போகிறது. கடை அலமாரியில் கண்மட்டத்துக்கு எந்தச் சரக்கு வருகிறது என்று அடுத்த முறை கவனியுங்கள்.

நம் பேச்சுத் தமிழுக்கு இது புதிதல்ல. பெண் பார்க்கிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம், வீடு பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம்; காய்கறிக் கடையில் ‘பாத்து எடுங்க’ என்கிறோம். எல்லாவற்றிலும் பார்ப்பது என்றால் தேர்வு செய்வது. பெண் பார்க்கும் கூடத்தில் தலை நிமிராமல் காப்பித்தட்டோடு வந்து போகவேண்டியிருந்த பெண்ணுக்குப் பார்வை மறுக்கப்பட்டது, கூடவே தேர்வும்.

இந்த உறவு முழுதாகப் படிந்திருக்கும் சொல் தெரி. தூரத்தில் மலை தெரிகிறது என்றால் கண்ணுக்குப் படுகிறது. எனக்குத் தெரியும் என்றால் அறிவேன். பழைய தமிழில் அதுவே செயப்படுபொருளை ஏற்று, ஆராய்ந்து எடு என்று நின்றது. வள்ளுவத்தில் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என மூன்று அதிகாரத் தலைப்புகள் இந்தப் பொருளோடு வருகின்றன. மூன்றும் ஆள்பவனுக்குச் சொன்னவை. பர்ரோவும் எமெனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி தெரியையும் தேரையும் ஒரே குடும்பத்தில் வைக்கிறது. தேர்தல், தேர்வு இரண்டும் அந்தத் தேரிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் தெரி தேர்ந்தெடுக்கும் வேலையைத் தேருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காண்பதோடும் அறிவதோடும் நின்றுகொண்டது. ஈழத்தில் நிற்கவில்லை. அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் தெரிவு செய்யப்படுகிறார். வாக்குகளை எண்ணி வென்றவர் பெயரை அறிவிக்கும் அதிகாரி தெரிவத்தாட்சி அலுவலர். தமிழ்நாட்டில் அதே வேலையைச் செய்பவர் தேர்தல் நடத்தும் அலுவலர்.